டிரிப் ஆகிற சுவிட்சைக் கழற்றிவிடலாமா? வீட்டுப் பராமரிப்பு கேள்வி–பதில்

கேள்வி: மழை பெய்தாலே எங்கள் வீட்டில் ஆர்சிசிபி என்கிற டிரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. ராத்திரியில் எழுந்துபோய் தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “இது ரொம்ப சென்சிட்டிவ், கழற்றிவிட்டு டைரக்டா கொடுத்துடறேன், அதான் எம்சிபி இருக்கே” என்கிறார். செய்யலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம் சகோதரி, தயவுசெய்து வேண்டாம். இந்த ஒரு வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்காகவே இந்த மாதம் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. வயர் தாங்க முடியாத அளவுக்குக் கரன்ட் போனால் அல்லது ஷார்ட் ஆனால்தான் அது விழும். உங்கள் வீட்டு லைட் லைனில் இருக்கும் சின்ன எம்சிபியே 6 ஆம்பியராவது இருக்கும், அதாவது 6000 மில்லி ஆம்பியர். ஒரு மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கொஞ்ச நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரிவதற்கே சுமார் 40 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு பல்பு எரியும் கரன்டில் ஆள் போய்விடலாம், எம்சிபிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆர்சிசிபி வேறு வகை. ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, எங்கோ சுவர் வழியாகவோ ஆள் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம், 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும்.

ஆக, மழை நாளில் அது விழுகிறது என்றால் அது கெட்டுப்போகவில்லை, உங்கள் வீட்டில் எங்கோ ஈரம் வயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே செய்யுங்கள், வெயில் வந்த பிறகு பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. இந்த சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டியான டிபி பாக்ஸில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அப்புறம் அந்த லைனில் இருக்கும் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்து வீட்டில் ஏழெட்டு வீட்டில் கேட் தூணில் இருக்கிற விளக்கு, போர்ட்டிகோ பல்பு, மாடிப்படி அடியில் இருக்கும் மோட்டார் சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். டேப் சுற்றிய ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் விழுகிறது என்றால் பெரும்பாலும் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொடுகிறது, அதை எலக்ட்ரீஷியன்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்வர்ட்டர் போட்டபோது நியூட்ரலை மாற்றி இணைத்துவிட்டால் மழை இல்லாத நாளிலும் விழும், அதையும் கேளுங்கள்.

எங்கள் அத்தை வீட்டில் இதேபோல்தான் ஒருவர் டைரக்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள் வாஷிங் மெஷினைத் தொட்ட அத்தை அப்படியே பின்னால் போய் விழுந்தார், கை எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. மெஷினுக்கு எர்த்தும் வரவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆர்சிசிபியில் ‘T’ (டெஸ்ட்) என்று போட்ட சின்ன பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள், உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். ஆனால் அந்த பட்டன் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது, அதைத் தனியாகத்தான் அளந்து பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் தொட்டால் ஆர்சிசிபியும் காப்பாற்றாது, அதனால் அது இருக்கிறதே என்று தைரியமாகக் கை வைக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு, கட்டி 24 வருடம் ஆகிறது. சன்ஷேட் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மேஸ்திரி சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். (வாசகர், சென்னை கொட்டிவாக்கம்)

பதில்: போதாது ஐயா. அடுத்த மழைக்கே அந்தப் பூச்சும் விழும், கூடவே இன்னும் கொஞ்சம் கான்கிரீட்டும் விழும். கீழே குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் இன்றைக்கே அந்தப் பக்கம் போகாமல் ஏதாவது வைத்து மறித்துவிடுங்கள்.

இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். அந்த ஊதல்தான் உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. துருவை அப்படியே விட்டு மேலே பூசினால் அது உள்ளே ஊதிக்கொண்டேதான் இருக்கும். கடல் காற்றில் உப்பு வேறு, அது கம்பி வரை இறங்கிவிட்டால் வேகம் அதிகம்.

முதலில் மேலே ஏறிப் பாருங்கள், அல்லது ஆளை ஏற்றிப் பாருங்கள். சுவரை ஒட்டினாற்போல் சன்ஷேட்டின் மேல்பக்கத்தில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா? சன்ஷேட் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு தொங்குவது, அதனால் அதன் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிற தவறு. அடியில் தெரிவது முக்கியக் கம்பியே என்றால், மேலே விரிசலும் இருந்தால், பழுது பார்க்கிற யோசனையே வேண்டாம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொன்னால் இடித்து எடுத்துவிடுங்கள். அதன் மேல் ஏசி அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

காப்பாற்றலாம் என்ற நிலையில் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்: கீழே முட்டுக் கொடுத்து, சுத்தியால் தட்டி வெற்றுச் சத்தம் வருகிற இடமெல்லாம் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை வயர் பிரஷ் போட்டு பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையில் மூடி, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். அத்தோடு மேல்பக்கம் தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்து, முன் விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு இல்லாததால்தான் மழைத் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவர் வரை நனைக்கிறது.

கேள்வி: 15 வருடப் பழைய அபார்ட்மென்டில் ஒரு ஃபிளாட் வாங்கப் போகிறோம். வில்லங்கம், பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். வீட்டை எப்படிப் பார்ப்பது? அட்வான்ஸ் கொடுக்க 10 நாள்தான் இருக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பத்திரத்துக்கு வக்கீல் வைத்த மாதிரி கட்டடத்துக்கும் ஒரு சிவில் இன்ஜினியரை அரை நாள் கூட்டிக்கொண்டு போங்கள். பல லட்சம் போடும்போது அந்தச் செலவு பெரிதல்ல. அதற்கு முன் நீங்களே இரண்டு முறை போங்கள், ஒரு முறை பகலில், ஒரு முறை மழை பெய்த மறுநாள்.

உள்ளே போனதும் புதுப் பெயின்ட் வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். வீடு முழுக்க அடித்திருந்தால் பரவாயில்லை. ஒரு சுவரில் மட்டும், அல்லது சீலிங்கில் ஒரு மூலையில் மட்டும் புதுசாக அடித்திருந்தால் அங்கே நின்று கேளுங்கள். மேல் வீட்டு பாத்ரூம் எங்கே வருகிறதோ அதற்குக் கீழே உங்கள் சீலிங்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விலை பேசுவதை நிறுத்தி வையுங்கள். சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூத்து பெயின்ட் பொரிந்திருக்கிறதா, அலமாரிக்குப் பின்னால் ஓதம் அடிக்கிறதா, கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

விரிசலைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், எல்லாமே ஆபத்தில்லை. தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்க்கோடாக மெல்லிய கீறல் வரும், இரண்டும் வேறு வேறு பொருள் என்பதால் வருகிறது, வலை வைத்துப் பூசினால் சரியாகும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும் விரிசல், பீமிலோ தூணிலோ வரும் விரிசல், இவைதான் இன்ஜினியரிடம் காட்ட வேண்டியவை. நீங்கள் ஏற்கெனவே குடியிருக்கும் வீடாக இருந்தால் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா பார்க்கலாம். உங்களுக்கு 10 நாள்தான் என்பதால் அது முடியாது.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள், பாத்ரூம் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். டிபி பாக்ஸைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள், 15 வருட வீட்டில் இல்லாமலே இருக்கலாம். மொட்டை மாடிக்கு ஏறி, தரை ஓட்டில் விரிசல், தண்ணீர் தேங்கிய கறை, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசமரக் கன்று எல்லாவற்றையும் பாருங்கள். அந்தக் கன்று சின்னதாக இருந்தாலும் வேர் சுவருக்குள் வெகுதூரம் போயிருக்கும். அப்புறம் மேல் வீட்டுக்காரரையும் வாட்ச்மேனையும் தனித்தனியாகக் கேளுங்கள், மழையில் எங்கே ஒழுகுகிறது என்று வாட்ச்மேனுக்குத் தெரியாமல் இருக்காது.

புது ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் 15 வருட வீட்டுக்கு இது பொருந்தாது.

கேள்வி: கேஸ் டியூப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மகள் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறாள். (வாசகி, மதுரை)

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் மேல் வருடம் அச்சிட்டிருக்கும், 5 வருடம்தான் கணக்கு. பார்க்க நன்றாக இருந்தாலும் ரெகுலேட்டர் மாட்டுகிற முனையில் உள்ளே வெடித்திருக்கும். எலி கடிக்கிற வீடாக இருந்தால் மாதாமாதம் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சியைப் பற்றவைத்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டர் வாங்கும்போது அதன் கழுத்துப் பட்டையில் எழுத்தும் எண்ணும் இருக்கும். ‘சி 27’ என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்த சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி கடந்ததை வாங்காதீர்கள்.

ராத்திரி கேஸ் வாசனை வந்தால் லைட்டைப் போடக் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும், சுவிட்சில் வருகிற ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்த பிறகு கேஸ் கசிவு அவசர எண் 1906க்குப் பேசுங்கள்.

கேள்வி: சம்ப்பைக் கழுவ வீட்டு ஆட்களே இறங்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மூடியே கிடந்த சம்ப் என்றால் திறந்தவுடன் இறங்கக் கூடாது, உள்ளே மூச்சுக்கான காற்று இருக்காது. மூடிகளை எல்லாம் ஒரு நாள் முன்பே திறந்து சுற்றிலும் யாரும் விழாதபடி மறித்து வையுங்கள், மோட்டார் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். செப்டிக் டேங்க் என்றால் எந்த நிலையிலும் யாரையும் இறக்காதீர்கள், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டமே தடைசெய்கிறது, லாரி வைத்து உறிஞ்சி எடுங்கள். எந்தத் தொட்டியாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டால் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காதீர்கள், அப்படிக் குதித்தவர்களும் சேர்ந்து போவதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தியில் படிக்கிறோம். கயிற்றைப் பிடித்து இழுங்கள், இன்னொருவர் தீயணைப்புத் துறையை 101இல் அழைக்கட்டும்.