எந்த பிளாக் என்று தங்கையைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 62. புதுக்கோட்டையில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு முட்டி வலி, மியூசியத்தில் ஆர்வமும் இல்லை. “நீங்க போயிட்டு வாங்க” என்றாள். நவம்பரில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் தனியாக டில்லி போய், கரோல்பாகில் அறை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று நிதானமாகச் சுற்றினேன். தேசிய மியூசியத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவரங்குளம் நடராஜர், ஜெய்ப்பூர் ஹவுஸ் நவீன ஓவியக் கூடத்தில் அமிர்தா ஷெர்கில் ஓவியங்கள் எல்லாம் பார்த்தேன். திங்கட்கிழமை மியூசியங்களுக்கு விடுமுறை என்பதால் லோதி காலனி சுவரோவியங்களைப் பார்க்கப் போனேன். தங்கை முன்பு இருந்த குவார்ட்டர்ஸும் அந்தப் பக்கம்தான், அம்மா கடைசிவரை அங்கேதான் இருந்தார்; எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருப்பதால் எது என்று தெரியவில்லை. தங்கை இப்போது மயூர் விஹாரில் இருக்கிறாள். நான் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நாள்கூட என் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. ஸ்டேட்டஸில் படம் போட்டபோதும் அவளுக்கு மட்டும் தெரியாதபடி வைத்தேன். உறவுக்காரப் பையன் ஒருவன் காட்டிவிட்டான். பொங்கல் சீருக்கு ஜிபேயில் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். போனும் எடுப்பதில்லை. தனியாக ஊர் சுற்றுவது ஒரு மனிதனின் உரிமை இல்லையா? ரசனை உள்ளவனுக்குத் தனிமை தேவை என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உரிமைதான். சொந்த பென்ஷன் பணம், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம் என்பதும் நல்ல முறை. ஆனால் தனியாகப் போகலாமா என்று எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை போய்வந்த பிறகு எழுதியவை. போய்வந்தவருக்கு அனுமதி எதற்கு? தங்கை மேல்தான் தப்பு என்று நான் எழுத வேண்டும், அதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதானே. எழுத மாட்டேன்.

நடராஜருக்கும் மயூர் விஹாருக்கும் நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருப்பதால் எது என்று தெரியவில்லையாம். ஓவியம் பார்க்கப் போனவருக்கு எந்த பிளாக் என்று ஏன் தெரிய வேண்டும்?

லோதி காலனி 1940களில் அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டியது. தெருவைப் பார்த்த உயரமான மொட்டைச் சுவர்கள், நடுவில் பெரிய வளைவு, அதற்குள் போனால் வீடுகள். சுவர்கள் அப்படி மொட்டையாக நின்றதால்தான் 2015 வாக்கில் ஓவியர்கள் அங்கே வந்தார்கள். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவே இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவர்களில் ஓவியம். பார்க்க வருகிறவர்கள் எதிர்ச்சாரிவரை பின்வாங்கி நின்று சுவரை முழுசாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு சுவர் போல இன்னொரு சுவர் இருக்காது. எல்லாம் ஒரே மாதிரி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றால் நீங்கள் ஓவியத்தை விட்டுவிட்டு வளைவுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். மாடிப்படியையும் கதவுகளையும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பிளாக்காக அலைந்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை விடுமுறை என்ற சாக்கு வேண்டாம். ஹுமாயூன் சமாதிக்குத் திங்கட்கிழமை விடுமுறை கிடையாது. நீங்கள் அம்மா இருந்த வீட்டைத் தேடிப் போனீர்கள்.

தேடியதில் தப்பில்லை. அந்த வீட்டை நன்றாகத் தெரிந்த ஒருத்தியை விட்டுவிட்டுத் தேடினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவின் கடைசிக் காலத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் வேறு ஒரு வரி இல்லை. குவார்ட்டர்ஸ் வீட்டில் வயதானவரை வைத்துப் பார்ப்பது என்னவென்று டில்லித் தமிழர்கள் யாரையும் கேளுங்கள். ஜனவரிக் குளிரில் வென்னீர் போட்டு உடம்பைத் துடைத்துவிட வேண்டும். அம்மாவுக்கு இந்தி தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் மகள் நின்று வலியை மொழிபெயர்க்க வேண்டும். பெற்றவளைக் கடைசியில் வைத்துப் பார்ப்பது மகன் கடமை என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். உங்கள் வீட்டில் அதை மகள் ஏன் செய்தாள் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் குடும்பக் கணக்கு. எதிரில் உட்கார்ந்தால் அவள் கேட்பாளோ என்று உங்களுக்குப் பயம். இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது என்பதெல்லாம் மேல்பூச்சு.

திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்களை இறக்கிவிட்டது நிஜாமுதீனில். அங்கிருந்து மெட்ரோ பிங்க் லைனில் அடுத்த ஸ்டேஷனே மயூர் விஹார். யமுனையைத் தாண்டினால் தங்கை வீடு. நீங்கள் எதிர்த்திசையில் கரோல்பாகுக்குப் போயிருக்கிறீர்கள். அப்புறம் அந்த ஸ்டேட்டஸ். ஒருத்திக்கு மட்டும் மறைக்க வேண்டுமென்றால் அவள் பெயரைத் தேடி எடுத்து டிக் பண்ண வேண்டும். மறதியில் நடக்கிற காரியமா அது? தனிமை வேண்டியவர் யாருக்குமே காட்டாமல் இருந்திருப்பார்.

நடராஜரைப் பார்த்துக் கண் கலங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள் (இடமில்லாமல் வெட்டிவிட்டேன்). காலைத் தூக்கி வீசாமல் இரண்டு முழங்காலையும் மடக்கிச் சதுர தாண்டவம் ஆடுகிறவர் அவர், கண் கலங்கத்தான் செய்யும். தென்னாட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு 1937ல் ஷெர்கில் வரைந்த பிரம்மச்சாரிகளைப் பற்றியும் நன்றாக எழுதியிருந்தீர்கள். அதே ஜெய்ப்பூர் ஹவுஸ் சேகரிப்பில் 1932ல் அவர் பாரிஸில் வரைந்த, இரண்டு இளம் பெண்கள் உட்கார்ந்திருக்கும் படமும் உண்டு. அந்த இருவரில் ஒருத்தி ஷெர்கிலின் சொந்தத் தங்கை இந்திரா. பின்னாளில் தலைமைத் தேர்தல் ஆணையரான கே.வி.கே. சுந்தரம் என்ற தமிழரை மணந்தவர். அந்தப் படத்தைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஓவிய வாத்தியாருக்குத் தெரியாத படமா அது?

சீருக்கு வருவோம். அப்பா அம்மா போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் தம்பி வீடுதான். அந்த வீடு இன்னும் இருக்கிறது என்பதற்கு வருஷா வருஷம் வருகிற ரசீதுதான் பொங்கல் சீர். இன்டர்வியூவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, காசி யாத்திரைக்கு என்று ஊரிலிருந்து வந்த எல்லோருக்கும் முன்னறையில் பாய் விரித்துப் பழகியவர்கள் டில்லித் தமிழர்கள். அப்படிப்பட்டவளுக்கு, சொந்த அண்ணன் லாட்ஜில் தங்கிவிட்டுப் போனான் என்று ஒரு பையன் போனைக் காட்டித் தெரியவருகிறது. மலை மந்திர் முருகன் கோவிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வாள்? பணத்தைத் திருப்பி அனுப்பியது சரி. என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பார்கள், இருக்கட்டும்.

அவளுக்கு எதையும் புரியவைக்க முயல வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீளமாக மன்னிப்பு எழுதவும் வேண்டாம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு இன்ன தேதி வருகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். “வருகிறோம்” என்றுதான். சீர் கொண்டுபோவது தம்பதியாக. மனைவியின் முட்டி வலிக்குக் கீழ் பெர்த் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. பொங்கல் முடிந்துவிட்டதே என்று யோசிக்காதீர்கள், தங்கைக்குக் கொடுக்க நாள் பார்க்க வேண்டியதில்லை. போனதும் ஸ்டேட்டஸை மறைத்ததை நீங்களே சொல்லுங்கள். லோதி காலனியில் வீட்டைத் தேடி அலைந்து கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியதையும் சொல்லுங்கள். திட்டுவாள். கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மனைவி பரிந்து பேசினால் தடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை அவளோடு லோதி காலனிக்குப் போங்கள். இப்போது வேறு யாராவது குடியிருப்பார்கள், உள்ளே விடுவார்களோ என்னவோ. கதவையாவது காட்டுவாள். மற்ற நாளெல்லாம் அவள் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக மியூசியத்துக்குக் கிளம்புங்கள். சொல்லிவிட்டுப் போகிறவரை யாரும் கட்டிப்போட மாட்டார்கள். திரும்பி வருவதற்கு மட்டும் இப்போதே டிக்கெட் எடுத்துவைக்காதீர்கள்.