ரோமன் எண்களில் ஒரு கோடி எழுத முடியுமா?

கேள்வி: எக்ஸெல்லில் ரோமன் ஃபார்முலா 3999 வரைதான் வேலை செய்கிறது. 4000 கொடுத்தால் எரர். ஏன்?

ஒரே எழுத்து மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வரக்கூடாது என்று பள்ளியில் படித்த விதிதான் காரணம். ஆயிரத்தைக் குறிக்கும் 'எம்' கடைசி எழுத்து. மூன்று 'எம்' போட்டபின் ஏற வழியில்லை. ரோமர்கள் அவ்வளவு கறாராக இருக்கவில்லை. கொலோசியத்தின் 54ஆம் வாயிலில் 'எல்' எழுத்தையடுத்து நான்கு 'ஐ' செதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரு கோடி?

ஒரே எழுத்தில் எழுதலாம்! எண்ணின் தலைமேல் கோடு போட்டால் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். தலைமேலும் இரு பக்கமும் கோடு போட்டு, கீழே திறந்த பெட்டி ஆக்கினால் லட்சத்தால். 'சி' என்றால் 100. பெட்டிக்குள் 'சி' வைத்தால் 100 லட்சம், அதாவது ஒரு கோடி.

7,25,300 எழுத வேண்டுமா? பெட்டிக்குள் ஏழு, தலைக்கோட்டோடு இருபத்தைந்து, கோடில்லாமல் முந்நூறு. நாம் கமா வைக்கும் அதே இடங்கள். ரோமர்களின் முன்னோரிடம் நூறாயிரத்துக்கு மேல் எண்ணே இல்லை என்கிறார் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி. அதனால் பத்து லட்சத்தை 'பத்து முறை நூறாயிரம்' என்றார்கள். மில்லியனில் பழகியவர்களைவிட நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

கேள்வி: மேலே கோடு இருந்தாலே ஆயிரமா?

இல்லை. 'இது சொல் அல்ல, எண்' என்று காட்டவும் கல்வெட்டுகளில் கோடு போட்டார்கள். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: பணக் கணக்கில் குழப்பம் வந்திருக்குமே?

வந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா, கால்பா என்பவருக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) உயில் எழுதினார். பேச்சில் இதை 'ஐந்நூறு முறை' என்பார்கள்; நூறாயிரம் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். உயிலில் தொகை எண்ணால் மட்டும் இருந்தது, எழுத்தால் இல்லை. வாரிசான மகன் திபேரியஸ் அதைப் பிடித்துக்கொண்டு, ஐந்நூறு ஆயிரம்தான் என்று 5 லட்சமாக்கிவிட்டார். அந்த 5 லட்சமும் கைக்கு வரவில்லை என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். (கால்பா கி.பி. 68இல் பேரரசராகவே ஆனார், அது வேறு கதை.) செக்கில் தொகையை எழுத்தாலும் கேட்கிறார்களே, சும்மாவா?

கேள்வி: லட்சத்துக்குத் தனிக் குறி உண்டா?

உண்டு. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, இருபுறமும் மும்மூன்று வளைவுகள். இரண்டிரண்டு என்றால் 10,000. ஒவ்வொன்று என்றால் 1000. ஆயிரத்தின் வலப் பாதியை மட்டும் எடுத்தால் 500. 'டி' வந்த வழி அதுதான்.

கி.மு. 260இல் மைலே கடற்போரில் எதிரி நாடான கார்தேஜை வென்ற ரோமத் தளபதி டுயிலியஸுக்கு ரோமில் தூண் எழுப்பினார்கள். அதன் கல்வெட்டில், கொள்ளைப் பொருளின் மதிப்பைச் சொல்ல இந்த லட்சக் குறியையே 20 முறைக்கு மேல் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். இன்று காபிடோலைன் மியூசியத்தில் இருப்பது பேரரசுக் காலத்தில் பொறித்த கல். அதுவும் உடைந்திருப்பதால், மொத்தம் எத்தனை குறி என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

கேள்வி: டைப் செய்ய முடியுமா?

5000, 10,000, 50,000, 1,00,000 குறிகள் யூனிகோடில் இருக்கின்றன. எல்லா ஃபான்ட்டிலும் தெரியாது. மூன்று பக்கப் பெட்டியைக் கையால் வரைவதே சுலபம்.