வயதான பிட்சரை மறுபடி எடுக்கலாமா? கெர்ஷாவை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

அமெரிக்க பேஸ்பால் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா 2025 சீசனோடு ஓய்வு பெற்றதிலிருந்து ஒரே கேள்விதான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. 37 வயது ஆளுக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி வருடா வருடம் ஒப்பந்தம் போட்டது ஆட்டத்துக்காகவா, பாசத்துக்காகவா? பேஸ்பாலே பார்க்காதவர்களும் கேட்டிருப்பதால் கொஞ்சம் அடியிலிருந்தே வருகிறேன்.

கேள்வி: சார், பிட்சர் என்றால் நம்ம பௌலர் மாதிரிதானே? அவருக்கு வயதானால் அப்படி என்ன பெரிய விஷயம்?

கிட்டத்தட்ட பௌலர்தான், ஆனால் சுமை வேறு மாதிரி. ஒரு சீசனில் 162 ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள் அணிக்கு ஐந்தாறு பேர், முறை வைத்து இறங்குவார்கள். தன் முறை வந்த அன்று ஒருவர் 90, 100 பந்து போடுவார், அத்தனையும் முழு பலத்தோடு. தோளும் முழங்கையும் எத்தனை நாள் தாங்கும்? கையைக் கழற்றி மாட்டியது போல நாலு நாள் வலிக்கும், அதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், இ.ஆர்.ஏ. என்ற கணக்கு. ஒன்பது இன்னிங்ஸுக்கு (அதுதான் ஒரு முழு ஆட்டம்; மூன்று அவுட் ஆனால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடிந்தது) சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் அது (ஃபீல்டர் தவறால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள்). 3க்குக் கீழே என்றால் அருமை, 4 என்றால் பரவாயில்லை, 5ஐத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து.

கேள்வி: கெர்ஷா அவ்வளவு பெரிய ஆளா?

லீகில் அந்த வருடத்தின் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் சை யங் விருது மூன்று (2011, 2013, 2014). 2014இல் 21 வெற்றி, 3 தோல்வி (ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்), இ.ஆர்.ஏ. 1.77, அதே வருடம் லீகின் எம்.வி.பி.யும் (மிகச் சிறந்த வீரர்) அவர்தான். 2008இல் அறிமுகமானதிலிருந்து கடைசி வரை ஒரே அணி. போதுமா?

கேள்வி: வேகம் குறைந்த பிறகு அவரை வைத்து என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஒரு காலத்தில் மணிக்கு 94 மைல் போட்ட ஃபாஸ்ட்பால் கடைசி வருடம் 89 பக்கம் வந்துவிட்டது. இன்றைக்குப் புதிதாக வரும் பையன்கள் 97, 98 போடுகிறார்கள். 2015இல் கெர்ஷா 301 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ வீசித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவுட்) எடுத்தவர், 2025இல் 84 தான். இன்னிங்ஸ் பாதியாகக் குறைந்தது ஒரு காரணம், ஆனால் அதையும் கணக்கில் எடுத்தாலும் பேட்டரைத் திணறவைக்கும் சக்தி போய்விட்டது என்பதை மறைக்க முடியாது.

அப்படியும் 2025இல் அவர் இ.ஆர்.ஏ. 3.36, வெற்றி 11, தோல்வி 2. எப்படி? பந்தை எங்கே போட நினைக்கிறாரோ அங்கே போடுவார். 72 மைலில் வானத்திலிருந்து விழுவது போல ஒரு கர்வ்பால், அதற்குப் பின்னால் 89 வரும்போது அது 95 மாதிரித் தெரியும். பேட்டர் ஓங்கி அடிக்காமல் தரையில் உருட்டினால் போதும், அவுட் அவுட்தான்.

கேள்வி: அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. 3000ஆவது ஸ்ட்ரைக்அவுட் விளம்பரத்துக்காகத்தானே இழுத்துக்கொண்டு போனார்கள்?

அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். 2025 ஜூலை 2, டாட்ஜர் ஸ்டேடியம், எதிரணி சிகாகோ வொயிட் சாக்ஸ். மூன்று தேவை என்ற நிலையில் இறங்கினார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று. ஆறாவது இன்னிங்ஸில் பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்போதெல்லாம் மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிற்கிறது, அவுட் ஆகவில்லை என்றதும் உட்காருகிறது, மறுபடி எழுந்து நிற்கிறது. கடைசியில் வின்னி கேப்ரா, வெளி ஓரத்தில் ஒரு ஸ்லைடர், மட்டையைத் தூக்கவே இல்லை. அன்றைக்கு அது அவருடைய 100ஆவது பந்து. அந்த மைல்கல்லைத் தொட்ட இருபதாவது பிட்சர். பக்கத்து சீட்டுப் பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

சரி, இப்போது அதே இரவின் ஸ்கோர் கார்டைப் பாருங்கள். ஆறு இன்னிங்ஸ், ஒன்பது ஹிட், நான்கு ரன். அதற்கு முந்தைய வருடம் 121 ஆட்டம் தோற்ற வொயிட் சாக்ஸ் எதிரே! அவர் பந்து போட்டு முடித்து வெளியே போகும்போது அணி பின்தங்கியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் எடுத்து 5-4 என்று ஜெயித்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வயதான நட்சத்திரத்தை எடுப்பது என்றால் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். விளம்பரம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக மட்டும் அல்ல, அடுத்த கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: அப்படியானால் பணம் வீண்தானே?

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். எடுக்கலாமா வேண்டாமா என்பது பாதிக் கேள்வி. எத்தனை வருடத்துக்கு, எவ்வளவுக்கு, எந்த இடத்துக்கு என்பதுதான் முழுக் கேள்வி.

2014இல் கெர்ஷாவுக்கு ஏழு வருடம், 21.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2018 முடிவில் மூன்று வருடம், 9.3 கோடி. அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாம் ஒரு வருடக் கணக்கு: 2022க்கு 1.7 கோடி, 2023க்கு 2 கோடி, தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2024க்கு உறுதித் தொகை வெறும் 50 லட்சம், 2025க்கு 75 லட்சம். மேலே கிடைப்பதெல்லாம் ஆடினால்தான். 2024இல் ஏழே ஆட்டம், இ.ஆர்.ஏ. 4.50, சொதப்பல்தான். ஆனாலும் அணிக்குப் பெரிய அடி இல்லை, ஏனென்றால் பந்தயம் சிறியது.

டாட்ஜர்ஸ் மாதிரி அணிக்கு ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் லீக் வைத்த வரம்பைத் தாண்டினால் கட்டுவது) வேறு இருக்கிறது. உச்ச வரம்பைத் தாண்டி, தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு 110 சதவீதம். அதாவது 75 லட்சம் டாலர் ஒன்றரைக் கோடிக்கும் மேல் ஆகிவிடும். அப்படியும் நான் கொடுத்திருப்பேன். அதே 2025இல், ஐந்து வருடம் 18.2 கோடிக்கு வந்த பிளேக் ஸ்னெல் காயத்தால் 11 ஆட்டம்தான் தொடங்கினார், மற்ற பிட்சர்கள் கிளாஸ்னோவும் சசாகியும் மாதக்கணக்கில் வெளியே. கெர்ஷா 22 ஆட்டம் தொடங்கினார். மூலையில் கிடந்த பழைய குடைதான் மழைக்கு விரிந்தது.

கேள்வி: செயின்ட் லூயிஸ் வெயின்ரைட் கதையை மறந்துவிட்டீர்களே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மறக்கவில்லை, அதுதான் என் வாதத்துக்கு மிகப் பெரிய இடைஞ்சல். பிட்சர் ஆடம் வெயின்ரைட்டும் ஒரே அணிக்காரர், ஒரு வருட ஒப்பந்தம், 1.75 கோடி. 2023இல் 5 வெற்றி, 11 தோல்வி, இ.ஆர்.ஏ. 7.40. வேறு யாராக இருந்தாலும் மே மாதமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 200ஆவது வெற்றிக்காக அவர் முறை வரும்போதெல்லாம் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசியில் செப்டம்பர் 18 அன்று மில்வாக்கிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 1-0 என்று வாங்கினார். அதன் பிறகு பந்து போடவே இல்லை.

அழகான முடிவுதான். ஆனால் அணி தன் பிரிவில் கடைசி இடம். டாட்ஜர்ஸுக்கு கெர்ஷா ஆறாவது ஆள், செயின்ட் லூயிஸுக்கு வெயின்ரைட் தூண். தூணாக நிறுத்தியதுதான் தப்பு.

கேள்வி: விட்டுவிட்டு வருத்தப்பட்டவர்கள் யாராவது?

இருக்கிறார்கள். 1988 முடிவில் பிட்சர் நோலன் ரயனிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது ஹூஸ்டன் அணி. அவர் அதே மாநிலத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார். 42 வயதில் 301 ஸ்ட்ரைக்அவுட், அப்புறம் இரண்டு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் உருவத்தின் தலையில் இருப்பது ரேஞ்சர்ஸ் தொப்பி.

ஆனால் ரயனைக் காட்டி எல்லாருக்கும் காசு கொடுக்கக் கூடாது. அப்படி ஒருவர் நூற்றாண்டுக்கு ஒரு தடவைதான் வருவார்.

கேள்வி: ஹூஸ்டன் பிட்சர் வெர்லாண்டர் 39 வயதில் சை யங் வாங்கினாரே!

வாங்கினார், 2022இல், முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து வந்து, இ.ஆர்.ஏ. 1.75. உடனே நியூயார்க் மெட்ஸ் இரண்டு வருடத்துக்கு 8.67 கோடி கொடுத்தது. ஒரு சீசன்கூட முடியவில்லை, 2023 ஆகஸ்டில் ஹூஸ்டனுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2024இல் இ.ஆர்.ஏ. 5.48. சரிவு படிப்படியாக வரும் என்று நினைப்பதுதான் ஏமாற்றம், பல சமயம் ஒரே குளிர்காலத்தில் வந்துவிடும்.

கேள்வி: பெரிய ஆட்டத்தில் கெர்ஷா சொதப்புவாரே, 2023 அரிசோனா ஆட்டம் ஞாபகம் இல்லையா?

இல்லாமல் என்ன, ஒரே ஒரு அவுட், ஆறு ரன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

ஆனால் 2025 உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டமும் இருக்கிறது. டொராண்டோவுக்கு எதிராக, 18 இன்னிங்ஸ் போன ஆட்டம். பன்னிரண்டாவதில் மூன்று பேஸிலும் ரன் எடுக்கக் காத்திருக்கும் எதிரணி ஆள், இரண்டு அவுட். அப்போது கெர்ஷாவை இறக்கினார்கள். எட்டுப் பந்து. இனி ஒரு பந்து தவறினாலும் ரன் என்ற நிலை வரை போய், நேதன் லூக்ஸ் அடித்தது மெதுவாக உருண்டு வந்தது, ஃபீல்டர் எட்மன் ஓடிவந்து கையுறையாலேயே முதல் பேஸில் இருந்த ஃப்ரீமனுக்குத் தட்டிவிட்டார். அவுட். அந்தத் தொடரில் கெர்ஷா போட்டது அந்த எட்டுப் பந்துதான்.