சிலோன்காரனா, இந்தியத் தமிழனா? – கடிதம்

அன்புள்ள சார்,

தேயிலை பத்தி நீங்க எழுதின கட்டுரை படிச்சேன். வெள்ளக்காரன் காலத்துல நம்ம ஊர்லருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு போனவங்க வம்சத்த எல்லா இடத்துலயும் 'மலையகத் தமிழர்'னே போட்டிருக்கீங்க. எனக்கு தெரிஞ்ச நாள்லருந்து அவங்க 'இந்தியத் தமிழர்'தான். பேரை மாத்திட்டா சம்பளம் ஏறிடுமா? இப்பல்லாம் எதைச் சொன்னாலும் யாராவது கோவிச்சுக்கறாங்க, பேசவே பயமா இருக்கு.

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பேரை மாத்தினா சம்பளம் ஏறாது, சரிதான். ஆனா ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கா போராடி 2021ல வாங்கினவங்களும் அந்த சனம்தான், எங்கள மலையகத் தமிழர்னு சொல்லுங்கன்னு கேக்கறதும் அதே சனம்தான். ஒண்ணுக்காக இன்னொண்ண விடணும்னு அவங்க நினைக்கல.

'இந்தியத் தமிழர்'ங்கறது 1911 சென்சஸ்ல வெள்ளக்காரன் தனியா பிரிச்சு எண்ணின கணக்கு. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்தப்போ, அப்பா இலங்கைல பொறந்தவர்னு காட்டு, இல்லன்னா தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்க பொறந்தவங்கன்னு காட்டுன்னாங்க, லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல பொறந்தவனுக்கு எந்த தோட்டத்து துரை பர்த் சர்டிபிகேட் எழுதி வெச்சான் சொல்லுங்க? லட்சக்கணக்கான பேர் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாம போனாங்க. அப்புறம் 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உக்காந்து இந்தியாவுக்கு 5,25,000 பேரு, இலங்கைக்கு 3,00,000 பேரு, மிச்சம் 1,50,000 பேர பின்னாடி பாத்துக்கலாம்னு பிரிச்சுக்கிட்டாங்க, கொழுந்து எடை போடற மாதிரி. அந்த சனத்துகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பேருக்கு முன்னாடி 'இந்திய'ன்னு ஒட்டியிருந்ததால 'உன் நாட்டுக்கு போ'ன்னு சொல்றது ரொம்ப சுலபமா போச்சு.

போனவங்க கதை இன்னும் கூத்து. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி, நிறைய பேர் நம்ம நீலகிரில டான்டீங்கற தமிழ்நாடு அரசு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தாங்க. அங்க இந்தியாக்காரன்னு அனுப்பி வெச்சாங்களா, இங்க வந்தா 'சிலோன்காரன்'! சர்க்கார் பாஷைல 'தாயகம் திரும்பியோர்', இதுல நிறைய பேர் அதுக்கு முன்னாடி இந்தியாவ கண்ணால பாத்ததே இல்ல.

நானும் யோக்கியன் இல்ல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கட்டுரைல 'சிலோன் அகதிகள்'னு எழுதிட்டு கூடலூர் பக்கம், இலங்கை மலைநாட்டு அட்டன்லருந்து வந்த ஒரு குடும்பத்து வீட்டுக்கு போயிருந்தேன், பேரன் அதை பாட்டிக்கு படிச்சு காட்டியிருக்கான் போல. "யாரு தம்பி அகதி? நாங்க பாஸ்போர்ட்டோட வந்தவங்க"ன்னு பொட்டிய தொறந்து காட்டிட்டாங்க. அவங்க சொன்னது சட்டப்படியும் சரி, 1983 இனக்கலவரத்துக்கு அப்புறம் உயிருக்கு பயந்து ஓடி வந்தவங்க வேற, அந்த 1964 ஒப்பந்தத்துல குடியுரிமையோட வந்தவங்க வேற. நான் ரெண்டையும் ஒண்ணா கொழப்பியிருந்தேன்.

'மலையகம்'ங்கறதும் எல்லாருக்கும் பொருந்தாதுதான். கேகாலை ரப்பர் தோட்டத்துல இருக்கவங்க, கொழும்பு கடைங்கள்ல வேலை பாக்கறவங்க, 1977 கலவரத்துக்கு அப்புறம் வவுனியா பக்கம் குடியேறினவங்க, இவங்கல்லாம் எந்த மலைல இருக்காங்க? பெரியவங்க சில பேர் இப்பவும் 'இந்திய வம்சாவளி'ன்னுதான் சொல்லிக்குவாங்க, அவங்கள பத்தி எழுதினா நானும் அப்படியே எழுதுவேன். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' ரெண்டும் மட்டும் யார் வாய்ல வந்தாலும் வசவுதான், முதல் வார்த்தைய நம்ம தமிழாளுங்களே தாராளமா சொல்லியிருக்காங்க.

பேச பயமா இருக்குன்னீங்க. பாட்டி என்னை திட்டி முடிச்சுட்டு சாயாவும் குடுத்தாங்க. அப்ப உங்கள எப்படி எழுதறதுன்னு கேட்டேன், "அட்டன்காரின்னு எழுது"ன்னாங்க.