புதுக் கணினி எதற்கு? பயாஸில் ஒரு வரியை மாற்றினால் போதும்

கேள்வி: துணியில் எம்பிராய்டரி போடுவது என் தொழில். டிசைன் தயாரிக்கும் மென்பொருளை விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் காசு கொடுத்து வாங்கினேன். அதன் சிடியும், அதைத் திறக்கச் சாவி போலச் செருகும் யுஎஸ்பி டாங்கிளும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. பழைய கணினிதான் போய்விட்டது. இப்போது இருப்பது விண்டோஸ் 11 ஹோம் உள்ள லேப்டாப். அதில் இந்த மென்பொருள் இன்ஸ்டால் ஆகவே மறுக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள் எக்ஸ்பியை ஏற்றிக்கொள்ளலாம் என்று நண்பர் சொன்னார். முயன்றால், 'விடி-எக்ஸ் இஸ் டிஸேபிள்ட் இன் தி பயாஸ்' என்று வந்து நிற்கிறது. ரிப்பேர் பார்ப்பவரோ, "இந்த மெஷினில் அந்த வசதி கிடையாது, வேறு வாங்கிவிடுங்கள்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். விடி-எக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட ப்ராசஸர் தரும் விர்ச்சுவலைசேஷன் வசதி. பயாஸ் என்பது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பகுதி. 'டிஸேபிள்ட்' என்றால் வசதி இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இன்டெல் 2005-லிருந்தும் ஏஎம்டி 2006-லிருந்தும் இந்த வசதியைத் தங்கள் ப்ராசஸர்களில் தந்து வருகின்றன. விண்டோஸ் 11 ஏற்கிற அளவுக்குப் புதிய ப்ராசஸரில் அது இல்லாமல் இருப்பது மிக அரிது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்காக இன்னொரு முறை பணம் கொடுக்காதீர்கள்.

இந்த வசதி செய்வது இதுதான்: விண்டோஸ் 11-க்குள் ஒரு பொய்க் கணினியை (மெய்நிகர் கணினி) உருவாக்கி அதில் எக்ஸ்பியை ஓட்டும்போது, எக்ஸ்பி இடும் கட்டளைகளை ப்ராசஸரே நேரடியாக, பத்திரமாக, நிறைவேற்றுகிறது. முன்பெல்லாம் அந்த வேலையை மென்பொருளே சுற்றி வளைத்துச் செய்தது. 2019 இறுதியில் வந்த 6.1 பதிப்போடு விர்ச்சுவல்பாக்ஸ் அந்தப் பழைய வழியைக் கைவிட்டுவிட்டது. "இது இல்லாமலேயே ஓடும்" என்று எங்காவது படித்திருந்தால் அது அதற்கு முந்தைய காலத்து அறிவுரை.

ஆனால் பயாஸைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, டாங்கிள் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் 64-பிட் டிரைவர் (டாங்கிளை விண்டோஸ் அடையாளம் காண உதவும் சிறு நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பி காலத்து மென்பொருள் இப்போது ஓடாமல் போவதற்குப் பல நேரங்களில் காரணம் மென்பொருளே அல்ல. டாங்கிளின் 32-பிட் டிரைவரை 64-பிட் விண்டோஸ் ஏற்காது. இல்லையென்றால் மென்பொருள் 32-பிட்டாக இருந்தாலும் அதை நிறுவித் தரும் செட்டப் கோப்பு 16-பிட்டாக இருக்கும். 64-பிட் விண்டோஸில் 16-பிட் எதுவுமே ஓடாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பும் கிடையாது. மென்பொருள் நிறுவனம் புது செட்டப் கோப்பும் டாங்கிள் நிறுவனம் புது டிரைவரும் தந்தால், மெய்நிகர் கணினியே தேவைப்படாமல் போகலாம். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். இப்போது வரும் பல லேப்டாப்புகளில், ஹோம் பதிப்பிலும்கூட, டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே வருகிறது. பயாஸில் ஏதாவது மாறினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு, அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் டிசைன்கள் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. வரைபடத்துக்குக் கீழே, 'விர்ச்சுவலைசேஷன்' என்ற சொல்லுக்கு எதிரே 'டிஸேபிள்ட்' என்று இருக்கும். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்டப் என்று போய் 'ரீஸ்டார்ட் நவ்' அழுத்துங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் பயாஸுக்குள் சென்றுவிடலாம். கணினியைப் போட்டதும் எஃப்2, டெலிட், எஃப்10 என்று தட்டிப் பார்க்கும் வழியும் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறுவதால் முதல் வழியே நிம்மதி.

உள்ளே 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்ற வரியைத் தேடுங்கள். ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்று இருக்கும். பெரும்பாலும் அட்வான்ஸ்ட் அல்லது சிபியு கான்ஃபிகரேஷன் பகுதியில் கிடைக்கும். சில மாடல்களில் செக்யூரிட்டி பகுதிக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் ரிப்பேர்காரர் அட்வான்ஸ்டில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதை 'எனேபிள்ட்' ஆக்கிச் சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். சேமித்த பிறகு கணினியை முழுவதுமாக அணைத்து, சில நொடி விட்டுப் போடுங்கள். சில மெஷின்களில் வெறும் ரீஸ்டார்ட்டுக்கு இந்த மாற்றம் ஏறாது. பிறகு டாஸ்க் மேனேஜரில் அதே இடத்தில் 'எனேபிள்ட்' என்று மாறியிருக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கு 1 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால், டிரைவ் உள்ள வேறு கணினியில் சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக (சிடியின் முழு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை வருடப் பழைய சிடி எந்த நாளும் படிக்காமல் போகலாம், அதனால் டிரைவ் இருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. டாங்கிளைச் செருகிய பிறகு, எக்ஸ்பி ஓடும் ஜன்னலின் மேலே டிவைசஸ், யுஎஸ்பி என்று போய் அதன் பெயரை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11 பக்கம் டாங்கிள் மறைந்து எக்ஸ்பிக்குள் தோன்றும். யுஎஸ்பி 3.0-க்கு எக்ஸ்பியில் டிரைவர் கிடையாது, அமைப்பில் 1.1 அல்லது 2.0 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிக்கு உரிமம் வேண்டும். பழைய கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிக்கு மட்டுமே செல்லும்; தனியாக வாங்கிய எக்ஸ்பி இருந்தால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, அந்த எக்ஸ்பிக்கு இணையம் கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. டிசைன் போட இணையம் எதற்கு? நெட்வொர்க் அடாப்டரையே எடுத்துவிடுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு எது கெட்டாலும் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

கேள்வி: வசதியை எனேபிள் செய்துவிட்டேன். ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாகவே ஓடுகிறது. ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரிகிறது. ராம் வாங்கிப் போடட்டுமா?

பதில்: ராமால் அந்த ஆமை போகாது. விண்டோஸே தன் பாதுகாப்புக்காக அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் 'மெமரி இன்டெக்ரிட்டி' இருக்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகர் கணினி வசதி), விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவை இருக்கும். இவற்றை அணைத்தால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி என்பது உண்மையான காவல். உங்கள் பழைய மென்பொருள் வேலைக்குப் போதுமான வேகத்தில் ஓடுகிறது என்றால் அதை அணைக்காமல் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: பழைய மென்பொருளை ஓட்டவேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் புது லேப்டாப் வாங்கப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? ப்ரோ பதிப்பு அவசியமா?

பதில்: ப்ரோ தேவையில்லை. ஹைப்பர்-விக்குத்தான் ப்ரோ வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் ஹோமிலேயே ஓடும். பார்க்க வேண்டியது ப்ராசஸரின் வகை. ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப், ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக் இரண்டும் ஆர்ம் வகை. அவற்றிலும் விர்ச்சுவலைசேஷன் உண்டு, ஆனால் ஆர்முக்கு எழுதிய இயங்குதளங்களுக்கு மட்டும். எக்ஸ்பியை அவற்றில் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும், அது நத்தை வேகம். விற்பவர் "விர்ச்சுவலைசேஷன் இருக்கிறது" என்று சொல்வது பொய்யல்ல, உங்களுக்குத்தான் பயன்படாது. இன்டெல் அல்லது ஏஎம்டி என்று உறுதிசெய்துகொண்டு, கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னுடையது டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள். இத்தனையும் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். டாஸ் நிரல்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, பயாஸில் எதையும் மாற்றவும் தேவையில்லை. முதலில் கணக்குக் கோப்புகளை நகல் எடுத்து, அந்த நகலில் ஓட்டிப் பாருங்கள்.