டூட்டி ஏறியதுமே விழும் கையெழுத்து

கேள்வி: ஆறு வருடமாக ஐசியுவில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டூட்டியில், மணிக்கு 1.5 யூனிட் இன்சுலின் போக வேண்டிய சிரிஞ்ச் பம்பில் 15 என்று அழுத்திவிட்டேன். பத்து நிமிடத்தில் கவனித்துச் சரிசெய்தேன். நோயாளி வென்டிலேட்டரில் இருந்தவர்; அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சரிபார்த்ததற்கான இரண்டாவது கையெழுத்தை எங்கள் சீனியர் அக்கா டூட்டி ஏறியதுமே போட்டு வைத்துவிடுவார், அவ்வளவு நம்பிக்கை. எனக்குத்தான் தூக்கமே வரவில்லை. வேலையை விட்டுவிடவா?

பதில்: வேலையை விடுவதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கையெழுத்துக்கு வாருங்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் பகீரென்றது.

பம்பில் புள்ளி விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். அதைப் பிடிக்கத்தான் இரண்டாவது ஆள். கால் யூனிட் போக வேண்டிய பத்து நிமிடத்தில் இரண்டரை யூனிட் போயிருக்கிறது. நீங்கள் பக்கத்துப் படுக்கையில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தால்? சுகர் இறங்கினால் படபடக்கிறது, வேர்க்கிறது என்று நாமென்றால் சொல்லிவிடுவோம். மயக்க மருந்தில் வென்டிலேட்டரோடு கிடப்பவர் எப்படிச் சொல்வார்? அவருக்காகப் பேச வேண்டிய வாய் அந்தக் கையெழுத்து. அதை வெற்றுத் தாளில் வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஆறு வருட அனுபவத்தோடு!

இதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை, முகதாட்சண்யம். அக்காவிடம் "வந்து பாருங்கள்" என்று கேட்கக் கூச்சம், அவருக்கு எழுந்து வரச் சோம்பல். கூடப் பிறந்த அக்கா என்றால் தப்பைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்துவாள். உறவென்றால் எனக்கு அதுதான். வெளியே உட்கார்ந்திருக்கும் அந்தக் குடும்பமும் உங்களை நம்பித்தானே அவரை உள்ளே அனுப்பியிருக்கிறது?

இன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள், பத்து நிமிடம், 15 என்று உள்ளபடியே. திட்டு விழலாம், வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மூடி வைத்தால், அதே பம்பில் அதே தவறை அடுத்த ஷிப்டில் இன்னொரு பெண் செய்வாள்.

அப்புறம் அக்காவிடம் போங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின், பொட்டாசியம் எதுவானாலும் அவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தானே கணக்குப் போட வேண்டும். உங்கள் விடையை முதலில் சொல்லாதீர்கள், சொன்னால் தலையாட்டிவிடுவார். பம்பின் திரையில் இருக்கும் எண்ணை அவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் பேனாவைக் கொடுக்க வேண்டும். கோபித்துக்கொண்டால் ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும்.