படுக்கும்போது 170, எழும்போது 80: இரவில் நடப்பது என்ன?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64, எடை 58 கிலோ. இரவு 10 மணிக்கு கிளார்ஜின் (நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின்) 22 யூனிட் பேனாவில் போடுகிறோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு 2 மி.கி. மாத்திரையும் உண்டு. படுக்கும்போது 170 இருக்கும் சர்க்கரை, காலையில் 80. நல்ல கன்ட்ரோல் என்றுதான் நினைத்தோம். ஆனால் சில நாள் நைட்டியெல்லாம் வியர்வையில் நனைந்து, தலைவலியோடு எழுகிறார். லோ சுகரா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் அதுதான். 80-ஐப் பார்த்து மகிழ வேண்டாம். ஒரே இரவில் 90 இறங்கியிருக்கிறதே, அதைப் பாருங்கள். இந்த இறக்கம் அடிக்கடி 50-ஐத் தாண்டினால் இரவு இன்சுலின் தேவைக்கு மேல் போகிறது என்று சந்தேகிக்கலாம். மூன்று இரவு, அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் போனால் லோ. 54-க்குக் கீழ் ஆபத்து. அன்று மாலை நடந்தாரா, இரவு எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். டாக்டருக்கு எண்ணோடு இதுவும் வேண்டும்.

என் முதல் சந்தேகம் கிளிமிபிரைடு மேல். ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் அது கணையத்தை விடாமல் முடுக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மாத்திரை, இன்சுலின் இரண்டுமே உடம்பில் அதிக நேரம் தங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அடுத்தது ஊசி போடும் இடம். தொப்புளுக்கு இரு பக்கமும் விரலால் நீவிப் பாருங்கள். ரப்பர் போலத் தடித்திருந்தால், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு திரண்டிருக்கிறது. அங்கே போடும் மருந்து சரியாக ஏறாது; சர்க்கரை கூடுகிறதென்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நாள் ஊசி தற்செயலாக நல்ல தோலில் இறங்கும்; அதே 22 யூனிட் முழுசாக வேலை செய்யும். வியர்வை ‘சில நாள்’ மட்டும் வருகிறது என்கிறீர்களே, இதனாலும் இருக்கலாம். இடத்தை மாற்றுமுன் டோஸைக் குறைப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள்.

வேறு காரணம் தெரியாவிட்டால் டாக்டர்கள் வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் குறைப்பார்கள். 22 என்பது 18 அல்லது 20 ஆகும். குறைத்த பலன் தெரிய மூன்று நாளாவது ஆகும். அதற்குள் டோஸைத் தினம் தினம் மாற்றாதீர்கள். பயந்து ஊசியை அடியோடு நிறுத்துவதும் கூடாது.

கேள்வி: அதிகாலையில் 58 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் அரைமணி நேரம் ஏறவில்லை. இன்சுலினோடு வோக்ளிபோஸ் மாத்திரையும் சாப்பிடுகிறார்.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியை வோக்ளிபோஸ் தடுத்துவிடும். இவருக்கு குளுக்கோஸ் பவுடர்தான் கைகொடுக்கும்: குவித்து 3 தேக்கரண்டி, சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். பழச்சுவைப் பாக்கெட்டில் சாதாரணச் சர்க்கரை கலந்திருக்கலாம். உறையைப் படித்து வாங்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள்; 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. தாண்டியதும் ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பதால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: பேனா பழுதானதால் அதனுள் இருக்கும் மருந்துக் குழாயான காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்துப் போட்டோம். இரவில் 45-க்கு இறங்கிவிட்டது. 20 யூனிட்தானே வழக்கம்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: போனது 20 அல்ல, 50. சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு என்றால் அரை மில்லி. உங்கள் காட்ரிட்ஜிலோ மில்லிக்கு 100 யூனிட். இப்படி ஆனால் ஒருமுறை சர்க்கரை ஏறியதும் நிம்மதியாகத் தூங்கிவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போட்டது கிளார்ஜின் என்றால் ஒரு நாள் முழுக்க இழுக்கும். காட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தவே கூடாது. மாற்றுப் பேனா ஒன்று வீட்டில் இருக்கட்டும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி வாங்கினால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள்.